சும்மா இருக்கும் டெர்மினல் அறுந்துபோகாமல் இருக்க: கீப்அலைவா, டிமக்ஸா, மோஷா?

ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு, வாடிக்கையாளர் ஒருவரின் டேட்டாபேஸ் பேக்கப்பைப் புது சர்வரில் மீட்டெடுக்கத் தொடங்கினேன். நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம். சர்வர் இருந்தது ஐரோப்பாவில். எஸ்எஸ்எச்சில், அதாவது தூரத்துக் கணினிக்குள் நுழைந்து கட்டளை கொடுக்க உதவும் இணைப்பில், உள்ளே போயிருந்தேன். நாலு மணி நேர வேலை. கட்டளையைக் கொடுத்துவிட்டால் முடியும்வரை அது திரையில் ஓர் எழுத்துகூடக் காட்டாது. சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு வந்து என்டர் தட்டினேன். திரை அசையவில்லை. கால் மணி நேரம் கழித்து ‘ப்ரோக்கன் பைப்’ என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான்.

சென்னையில் எங்களோடு வேலை செய்யும் தம்பியைக் கூப்பிட்டேன். அங்கே மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, “அண்ணா, ப்ராசஸ் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, கவலைப்படாதீங்க” என்றான். அதாவது நான் கொடுத்த கட்டளை சர்வரில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஒன்பதே காலுக்கு மறுபடி பார்த்தோம். ப்ராசஸ் இல்லை. பாதி நிரம்பிய டேட்டாபேஸ்தான் மிச்சம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம்.

அந்த ஒன்பதே கால் எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் இந்த விஷயம் எனக்கு முழுதாகப் புரிந்தது. நடுவில் இருந்த ஃபயர்வால் (போக்குவரத்தை வடிகட்டும் காவல் கருவி), பேச்சு மூச்சில்லாத என் இணைப்பைத் தன் அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டது. அதை என்னிடமும் சொல்லவில்லை, சர்வரிடமும் சொல்லவில்லை. சர்வர் இணைப்பு இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தது. சர்வரை இயக்கும் லினக்ஸில், இணைப்பைத் தாங்கும் நெறிமுறையான டிசிபி தானாக எதிர்முனையை விசாரிப்பது 7200 விநாடி அமைதிக்குப் பிறகுதான். பதில் இல்லையென்றால் 75 விநாடிக்கு ஒன்றாக 9 முறை தட்டிப் பார்க்கும். மொத்தம் 2 மணி 11 நிமிடம். அதற்கப்புறம் இணைப்பு செத்ததாக முடிவு கட்டி, அந்த டெர்மினலை மூடி, அதில் ஓடிக்கொண்டிருந்த எல்லாவற்றுக்கும் ‘இணைப்பு போய்விட்டது, நிறுத்து’ என்ற ஹேங்அப் சிக்னலை அனுப்பும். ஏழு மணியோடு 2 மணி 11 நிமிடத்தைக் கூட்டிப் பாருங்கள்.

ஆக, இணைப்பு அறுவது ஒன்று, வேலை சாவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரம்கூட இருக்கலாம். ‘எஸ்எஸ்எச் அறுந்துபோகிறது, என்ன செய்வது?’ என்று கேட்பவர்களுக்குக் கிடைக்கும் பதில்களில் பாதி முதலாவதற்கு மருந்து, பாதி இரண்டாவதற்கு. எது எதற்கு என்று தெரியாமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் மறுபடி மாட்டுவோம்.

முதலில் கீப்அலைவ். எல்லோரும் முதலில் கைவைப்பது இதில்தான், அதில் தவறும் இல்லை. உங்கள் கணினியில் எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பைத் திறந்து, எல்லா சர்வருக்கும் பொதுவாக ‘சர்வர் அலைவ் இன்டர்வல்’ என்பதை 60 என்று வைத்தால் போதும் (கோப்பில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும்). 60 விநாடி அமைதியாகப் போனால், உங்கள் கணினி ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும், சர்வர் ‘இருக்கிறேன்’ என்று சொல்லும். இந்தப் போக்குவரத்தைப் பார்த்து நடுவில் உள்ள ஃபயர்வாலும் ரவுட்டரும் இணைப்பை மறக்காமல் இருக்கும். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சில் இதன் இயல்பான மதிப்பு 0, அதாவது யாராவது வைத்தால் ஒழிய இது நடக்காது. விண்டோஸில் புட்டி என்ற எஸ்எஸ்எச் மென்பொருளை வைத்திருப்பவர்கள் கனெக்‌ஷன் பக்கத்தில் இதே எண்ணைப் போடலாம். அங்கேயும் 0 என்றால் இல்லை என்று பொருள்.

60 ஏன்? நடுவில் இருப்பவற்றின் பொறுமை அவ்வளவு குறைவு. வீட்டு, அலுவலக ரவுட்டர்கள் செய்யும் முகவரி மாற்றத்துக்கான (நேட்) இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 5382, உயிரோடு இருக்கும் டிசிபி இணைப்பை 2 மணி 4 நிமிடத்துக்கு முன் மறக்கக் கூடாது என்று 2008-லேயே சொல்லிவிட்டது. நடப்பு வேறு. அமேசான் கிளவுடின் நேட் கேட்வே 350 விநாடியில் மறக்கும். மைக்ரோசாஃப்ட் அஸூரில், வேலையைப் பல சர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சரின் இயல்பு அமைப்பு 4 நிமிடம். கூகுள் கிளவுடில் 10 நிமிடம். இவை ஒளித்து வைத்த சேதிகள் அல்ல, அவரவர் கையேட்டிலேயே இருக்கின்றன. 60 விநாடி வைத்தால் இந்த மூன்றுக்கும் கீழே நிற்கிறீர்கள். மொபைல் டேட்டாவைப் பற்றிக் கவலை வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு சின்னக் கேள்வி, ஒரு சின்னப் பதில். நாள் முழுக்க ஓடினாலும் ஒரு எம்பிகூட ஆகாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். எஸ்எஸ்எச் அமைப்பில் ‘டிசிபி கீப்அலைவ்’ என்று இன்னொன்று உண்டு. அது ஏற்கெனவே இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ‘நமக்குத்தான் இருக்கிறதே’ என்று விட்டுவிடுபவர்கள் பலர். என் வேலையைக் கொன்ற 7200 விநாடிக் கணக்கு இதனுடையதுதான். இரண்டு மணி நேரம் கழித்து விசாரிக்கும் ஒன்று, நாலு நிமிடத்தில் மறக்கும் கருவிக்கு எதிராக என்ன செய்யும்?

இதையே சர்வர் பக்கத்தில் செய்வது இன்னொரு வழி. அங்கே ‘க்ளையன்ட் அலைவ் இன்டர்வல்’ என்று பெயர். கேள்வி கேட்பது சர்வர், பதில் சொல்வது நம் கணினி. பலன் ஒன்றுதான். ஒரே இடத்தில் வைத்தால் லேப்டாப், ஃபோன், புட்டி என்று எதிலிருந்து வந்தாலும் எல்லோருக்கும் பொருந்தும் என்பது இதன் நன்மை. சர்வரை முழுதாக நிர்வகிக்கும் ரூட் உரிமை வேண்டும் என்பது குறை. சர்வர் உங்களுடையது என்றால் இங்கேயே வைத்துவிடுங்கள். வாடிக்கையாளருடையது என்றால் உங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வர் பக்கத்தில் கைவைப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பாதுகாப்புத் தணிக்கைக்காக, சும்மா இருப்பவர்களை வெளியேற்ற இடைவெளியை 300 என்றும், எத்தனை கேள்விகளுக்குப் பதில் வராவிட்டால் வெளியேற்றுவது என்ற ‘கவுன்ட் மேக்ஸ்’ எண்ணை 0 என்றும் வைக்கும் பழக்கம் ரொம்ப நாளாக இருந்தது. 2020-ல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.2-லிருந்து அந்த 0-வின் பொருள் மாறிவிட்டது. இப்போது 0 என்றால் பதில் வராவிட்டாலும் வெளியேற்றாதே என்று அர்த்தம். உண்மையிலேயே சும்மா இருப்பதை மூட வேண்டுமென்றால் 2023-ல் வந்த 9.2 பதிப்பில் சேர்ந்த ‘சேனல் டைம்அவுட்’ இருக்கிறது, கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் ஷெல்லின் ‘டிஎம்அவுட்’ இருக்கிறது. உங்கள் இணைப்பு அறும்போது ‘ஆட்டோ லாக்அவுட்’ என்று திரையில் வந்தால் அது இந்த டிஎம்அவுட்தான். நெட்வொர்க்குக்கு அதில் பங்கே இல்லை, கீப்அலைவ் அங்கே எதுவும் செய்யாது. நிர்வாகி வேண்டுமென்று வைத்த விதி அது. அதைச் சுற்றிப் போகாமல் அவரிடம் பேசுவதுதான் முறை. நல்ல வேளையாக, டிஎம்அவுட் கணக்கெடுப்பது, அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும் ப்ராம்ப்டில் சும்மா நிற்கும் நேரத்தை மட்டும்தான். கட்டளை ஓடிக்கொண்டிருக்கும்போது அது குறுக்கே வராது.

சரி, கீப்அலைவ் வைத்தாயிற்று. சும்மா இருப்பதால் அறுவது நின்றுவிடும். இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் தென்னாப்பிரிக்காவில் இருந்து பார்க்க வேண்டும்.

இங்கே லோட் ஷெட்டிங் என்று சொல்லும் சுழற்சி மின்வெட்டு 2023-ல் உச்சத்தில் இருந்தது. ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம் போல, நாளுக்குப் பல தடவை. 2024 மார்ச் கடைசியிலிருந்து நீண்ட காலம் நின்றிருந்தது. 2025-ல் சில முறை திரும்ப வந்து போனது. மின்சாரம் போனால் வீட்டு ரவுட்டர் அணையும். இன்வெர்ட்டர் வைத்து ரவுட்டரை ஓட்டினாலும், தெருவில் உள்ள ஃபைபர் பெட்டியின் பேட்டரி தீர்ந்தால் அதோடு முடிந்தது. அப்புறம் ஃபோனின் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுவோம். மாறிய நிமிடமே உங்கள் ஐபி முகவரி வேறு. டிசிபி இணைப்பு என்பது இரண்டு முனை முகவரிகளையும் வைத்துத்தான் இருக்கிறது. ஒரு முகவரி மாறிவிட்டால் அந்தப் பழைய இணைப்பை எந்தக் கீப்அலைவும் மீட்காது.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. கீப்அலைவ் சில நேரம் இணைப்பைச் சீக்கிரமாகவே கொன்றுவிடும். கையேட்டில் வரும் எடுத்துக்காட்டைப் பின்பற்றி 15 விநாடி என்று வைத்துவிட்டு, பதிலில்லாக் கேள்விகளின் எண்ணிக்கையை இயல்பான 3-லேயே விட்டால், 45 விநாடி நெட்வொர்க் இல்லாவிட்டாலும் உங்கள் எஸ்எஸ்எச் தானே கதவைச் சாத்திக்கொள்ளும். கீப்அலைவ் இல்லாமல் சும்மா கிடந்திருந்தால், முகவரி மாறாதவரை, நெட்வொர்க் திரும்பியதும் ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்திருக்கும். புட்டியின் கையேடு இந்த இரண்டு பக்கத்தையும் வெளிப்படையாகவே சொல்கிறது.

கடலுக்கடியில் செல்லும் கேபிள்களை நம்பியிருக்கும் ஊர் இது. 2023 ஆகஸ்டில் காங்கோ ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கில் ஏற்பட்ட சரிவில் சாட்-3, வாக்ஸ் என்ற இரண்டு கேபிள்களும் அறுந்தன. கேப்டவுனில் நிற்கும் லியோன் தேவெனான் என்ற பழுதுபார்க்கும் கப்பல் போய்ச் சரிசெய்தது. 2024 மார்ச் 14-ல் ஐவரி கோஸ்ட்டுக்கு அருகே ஒரே நேரத்தில் நாலு கேபிள்கள் பாதிக்கப்பட்டன. இந்த மாதிரி நாட்களில் போக்குவரத்து வேறு பாதைக்கு மாறும். நடுநடுவே சில நிமிடம் ஒன்றும் வராது, ஆனால் நம் முகவரி மாறாது. அப்போது உதவுவது தளர்வான கீப்அலைவ். அதனால்தான் நான் இடைவெளியை 60 என்றும் எண்ணிக்கையை 10 என்றும் வைத்திருக்கிறேன். பத்து நிமிட இடைவெளியைத் தாங்கும். எண்ணிக்கையை இன்னும் ஏற்றுவதில் பெரிய பலன் கிடையாது. பதில் வராத பாக்கெட்டை லினக்ஸ் மறுபடி மறுபடி அனுப்பிப் பார்ப்பது இயல்பாகக் கால் மணி நேரம் அளவுக்குத்தான். அதற்குமேல் டிசிபியே கைவிட்டுவிடும். நெட்வொர்க் வந்த பிறகும் திரை அசையாமல் இருந்தால் இரண்டு நிமிடம் பொறுங்கள். மறுமுயற்சிகளுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி விழலாம். அதற்கும் அசையவில்லை என்றால், சன்னலை மூட வேண்டியதில்லை: என்டர் தட்டி, அப்புறம் ~ அடுத்து ஒரு புள்ளி. உறைந்த எஸ்எஸ்எச் அதோடு வெளியே வந்துவிடும்.

இனி டிமக்ஸ். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும், கீப்அலைவுக்கும் முன்பாக.

டிமக்ஸ் சர்வரிலேயே ஓடுகிறது. உங்கள் ஷெல், உங்கள் கட்டளை எல்லாம் அதற்குள் இருக்கும். நீங்கள் வெளியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளி மாதிரி. இணைப்பு அறுந்தால் விருந்தாளி போய்விட்டார், வீட்டுக்குள் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். ஹேங்அப் சிக்னல் உங்கள் வேலையைத் தொடாது. திரும்ப வந்து ஒட்டிக்கொண்டால் விட்ட இடத்தில் திரை அப்படியே இருக்கும். அன்று நான் அந்த மீட்டெடுப்பை டிமக்ஸுக்குள் தொடங்கியிருந்தால் இணைப்பு பத்து முறை அறுந்திருந்தாலும் வேலை பதினொரு மணிக்கு முடிந்திருக்கும். இதே வேலையைச் செய்யும் ‘ஸ்க்ரீன்’ என்ற மென்பொருள் 1987-லிருந்து இருக்கிறது. பழைய சர்வரில் அது மட்டும் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், போதும்.

எங்கள் குழுவுக்கு இதில் இன்னொரு நன்மை உண்டு. சென்னை எங்களுக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். பொதுக் கணக்கில் தொடங்கிய டிமக்ஸ் அமர்வில், டர்பனில் கரண்ட் போன பிறகு சென்னைத் தம்பி ஒட்டிக்கொண்டு பார்க்கலாம். ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் அக்காவும் நானும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு ஃபோனில் பேசிப் பேசியே ஒரு பெரிய சர்வர் மாற்றத்தை முடித்திருக்கிறோம். இது எந்தக் கீப்அலைவாலும் கிடைக்காது.

குறைகளும் உண்டு. மேலே உருட்டிப் பார்க்க மவுஸ் சக்கரம் முதலில் வேலை செய்யாது. கன்ட்ரோல் பி, பிறகு [ என்று அழுத்திப் பழக வேண்டும். தங்கள் சாவிகளை வைத்திருக்கும் எஸ்எஸ்எச் ஏஜென்ட்டை சர்வருக்கு முன்னனுப்புபவர்களுக்கு, திரும்ப ஒட்டியதும் பழைய சாக்கெட்டைத் தேடி ஏமாறும் தொல்லை இருக்கிறது. சில சர்வர்களில் நீங்கள் வெளியேறியதும் உங்கள் ப்ராசஸ்களை எல்லாம், லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி கொன்றுவிடும். 2016-ல் வந்த 230-ஆவது பதிப்பில் அதை இயல்பாக்கினார்கள். பல லினக்ஸ் வழங்கல்கள் அதை அணைத்துத்தான் தருகின்றன, இருந்தாலும் புது சர்வரில் ஒரு முறை சோதித்துவிடுங்கள். டிமக்ஸுக்குள் சும்மா காத்திருக்கும் ‘ஸ்லீப்’ கட்டளை ஒன்றை ஓடவிட்டு, வெளியேறி, திரும்ப வந்து பார்த்தால் தெரிந்துவிடும். சர்வரே ரீபூட் ஆனால் டிமக்ஸும் போய்விடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அதைத் தொடங்க மறப்பது. அதற்கு நான் செய்திருப்பது: கான்ஃபிக் கோப்பில் அந்த சர்வருக்கு இன்னொரு புனைபெயர் வைத்து, ‘ரிமோட் கமாண்ட்’ வரியில், அமர்வு இருந்தால் ஒட்டு, இல்லையென்றால் புதிதாகத் தொடங்கு என்று டிமக்ஸுக்குச் சொல்லியிருக்கிறேன். தனிப் புனைபெயர் ஏன் என்றால், ஒரே பெயரில் வைத்தால் கோப்பு அனுப்பும் கட்டளைகளும், நிரல் பதிப்புகளைக் காக்கும் ‘கிட்’ கருவியும் அதில் மோதி நிற்கும்.

மோஷ் வேறு ரகம். எம்ஐடியில் பிறந்து 2012-ல் வெளிவந்தது. உள்ளே நுழைய மட்டும் எஸ்எஸ்எச்சைப் பயன்படுத்திக்கொண்டு, அதன்பின் டிசிபி போல நிலையான இணைப்பு வைத்துக்கொள்ளாத யூடிபி நெறிமுறைக்கு மாறிவிடும். சர்வர் உங்களை ஐபி முகவரியால் அடையாளம் காண்பதில்லை, குறியாக்கச் சாவியால் காண்கிறது. அதனால் ஃபைபரிலிருந்து ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினாலும், லேப்டாப்பை மூடித் தூங்கவைத்து மறுநாள் திறந்தாலும், அதே திரை தொடர்ந்து ஓடும். திரும்பச் சேர் என்று நீங்கள் சொல்லக்கூடத் தேவையில்லை.

ஒரு புனித வெள்ளி வார இறுதியில் வாடிக்கையாளர் அலுவலகம் மூடியிருந்தது, அப்போதுதான் சர்வரைத் தொட விட்டார்கள். வீட்டில் எல்லோரும் இசிபிங்கோ மாரியம்மன் கோவிலுக்குக் கிளம்பினோம். வேலையைத் தொடங்கிவிட்டு, ஆண்ட்ராய்டு ஃபோனில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் செயலி வழியாக மோஷில் திறந்து வைத்திருந்தேன். வீட்டு வைஃபை, வழியில் மொபைல் நெட்வொர்க், கோவில் கூட்டத்தில் நெட்வொர்க்கே இல்லாத அரை மணி நேரம், மறுபடி மொபைல். ஒவ்வொரு முறை ஃபோனை எடுத்தபோதும் திரை தானாகப் புதுப்பித்துக்கொண்டது. எஸ்எஸ்எச் ஆக இருந்தால் நாலு முறை நுழைந்திருப்பேன்.

தூரத்துச் சர்வர்களில் இன்னொரு சுகம்: தட்டிய எழுத்தை ஐரோப்பா போய்வரும்வரை காத்திராமல் மோஷ் உடனே திரையில் காட்டிவிடும். ஒரு எழுத்து போய்வர நூற்றைம்பது மில்லிசெகண்ட் போல ஆகும் இடத்தில் உட்கார்ந்து தட்டுபவருக்கு இது விரல் வலிக்கு மருந்து.

ஆனால் மோஷுக்கு விலை உண்டு. சர்வரிலும் மோஷை நிறுவ வேண்டும், 60000 முதல் 61000 வரையிலான யூடிபி போர்ட்டுகளில் சிலவற்றையாவது ஃபயர்வாலில் திறக்க வேண்டும். வங்கி, காப்பீடு போன்ற வாடிக்கையாளர்களிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் முடியாது என்பதுதான் பதில். நடுவில் ஒரு ஜம்ப் சர்வர் வழியாகப் போக வேண்டிய இடங்களில் அது நேராக வேலை செய்யாது. போர்ட் ஃபார்வர்டிங் (வேறு போக்குவரத்தை இணைப்புக்குள் டனலாகக் கடத்துவது) கிடையாது. மேலே உருண்டுபோன வரிகளைத் திரும்பப் பார்க்க முடியாது, அதற்கு உள்ளே டிமக்ஸ் வேண்டும். ஃபோன் தொலைந்தாலோ லேப்டாப் ரீபூட் ஆனாலோ அந்தச் சாவி போய்விடும். வேலை சர்வரில் இருக்கும், ஆனால் இன்னொரு இடத்திலிருந்து அந்த மோஷ் அமர்வில் ஒட்ட வழியில்லை. அதனால் மோஷ் டிமக்ஸுக்குப் பதில் ஆகாது. டிமக்ஸுக்குப் போகும் நல்ல சாலை அது. எடர்னல் டெர்மினல் என்று ஒன்றும் இருக்கிறது. டிசிபியிலேயே மீண்டும் இணையும், உருட்டிப் பார்க்கவும் முடியும், அதற்கு 2022 என்ற போர்ட்டைத் திறக்க வேண்டும். யூடிபி கூடாது ஆனால் ஒரு டிசிபி போர்ட் தருகிறேன் என்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

மனிதர் யாரும் பார்க்காத டனல்களுக்கு ஆட்டோஎஸ்எஸ்எச். அறுந்தால் திரும்பக் கட்டும். இங்கே மட்டும் இறுக்கமான கீப்அலைவ் நல்லது, ஏனென்றால் அறுந்தது சீக்கிரம் தெரிந்தால்தான் சீக்கிரம் கட்ட முடியும். இணைப்பை உயிரோடு வைக்க, திரையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் ‘டாப்’ கட்டளையை ஓடவிட்டுப் போகும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள், ஒரு வரி கான்ஃபிக் அதைவிட நன்றாகச் செய்யும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்றால், முதலில் உங்கள் நோய் எது என்று பாருங்கள். ஐந்து சன்னல் திறந்து, ஒவ்வொன்றிலும் உள்ளே நுழைந்து, கை வைக்காமல் விடுங்கள். முதலாவதை 3 நிமிடத்தில் தொடுங்கள், அடுத்ததை 6, பிறகு 12, 30, கடைசியை 60. எங்கே உறைகிறதோ அதுதான் உங்கள் பாதையின் எல்லை. ஒரே நேர அளவில் தவறாமல் அறுந்தால் கீப்அலைவ் போதும். வீட்டில் நெட் நிலையாக இருந்து, உள்ளே போய் இரண்டு கோப்பு பார்த்துவிட்டு வருபவருக்கு அதற்குமேல் எதுவும் வேண்டாம். அறுவதற்கு நேரம் காலம் இல்லையென்றால், அல்லது பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் எதையாவது தொடங்கப் போகிறீர்கள் என்றால், டிமக்ஸ் இல்லாமல் என்டர் தட்டாதீர்கள். பயணத்தில் இருப்பவர், நெட் அடிக்கடி மாறுபவர், சர்வர் தன் கையில் இருப்பவர் மோஷைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கள் மூவருக்கும் இப்போது கான்ஃபிக் கோப்பு ஒன்றுதான்: 60 விநாடி, எண்ணிக்கை 10, டிமக்ஸ் புனைபெயர்கள். எங்கள் சொந்த சர்வர்களில் மோஷுக்காகப் பத்து யூடிபி போர்ட்டுகள் மட்டும் திறந்திருக்கிறோம். அந்த ஐரோப்பிய வாடிக்கையாளர் யூடிபிக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. அங்கே டிமக்ஸோடு போய்க்கொண்டிருக்கிறோம். போன மாதம் அதே மாதிரி ஒரு மீட்டெடுப்பை அங்கே ஓட்டினோம், இந்த முறை ஆறு மணி நேரம். நடுவில் எங்கள் தெருவில் கரண்ட் போனது. தம்பி சென்னையிலிருந்து ஒட்டிக்கொண்டு, “அண்ணா, அறுபது சதவீதம் தாண்டிடுச்சு, நீங்க தூங்குங்க” என்று செய்தி அனுப்பினான். தூங்கினேன்.